கடைசி வீட்டுக்காரர்

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் நகரத்துக் கடையில் மூக்குக்கண்ணாடி செய்கிறவர். அப்படிச் சொன்னால் இந்தக் குடியிருப்பில் ஒருவருக்கும் தெரியாது. கடைசி வீட்டுக்காரர் என்றால்தான் தெரியும். எல்லா வீடும் ஒரே அச்சு, ஒரே சாம்பல் பூச்சு. அவர் வீட்டுக்கு அந்தப் பக்கம் வெறும் புல்வெளி. பேருந்தும் அவர் வாசலோடு திரும்பிவிடும். அதில் மனிதருக்கு இருந்த பெருமை இருக்கிறதே, அரண்மனை கட்டியவனுக்குக்கூட இருக்காது.

அந்தப் புல்வெளியில் புது வீடுகள் முளைத்தன. பேருந்தையும் அங்கே வரை நீட்டிவிட்டார்கள். முதல் நாளே இவர் வழக்கம்போல் தூங்கிக்கொண்டே போய், கடைசி நிறுத்தத்தில் இறங்கி, எதிரே இருந்த கதவைத் திறந்து செருப்பைக் கழற்றியிருக்கிறார்.

"யாருங்க நீங்க?" என்றாளாம் உள்ளே இருந்த பெண்.

"கடைசி வீட்டுக்காரன்மா."

"அது இப்ப நாங்கதானே!"

அன்றிலிருந்து ஆள் வாசலில் வந்து நிற்பதையே நிறுத்திவிட்டார்.

"வீடு வச்ச இடத்துலதானே இருக்கு?" என்று அவர் மனைவி கேட்டாள்.

"வீடு இருக்கு. நான்தான் இல்ல."

எனக்குப் பொறுக்கவில்லை. "தம்பி, நடு வீட்டுக்காரர்னு இருந்துட்டுப் போங்களேன்" என்றேன்.

"நடு வீடுன்னா தெரு முழுக்கக் கிடக்கு பெரியம்மா. அதுல நான் யாரு?"

நியாயம்தானே? மறுநாள் பேருந்தில் ஏறி, "கடைசி வீடு ஒண்ணு குடுப்பா" என்றேன். அவர் வாசல் வந்ததும் எழுந்து நின்றுகொண்டேன்.

"பாட்டி, கடைசி இன்னும் வரல" என்றார் நடத்துனர்.

"அது உன் கடைசி. எங்க கடைசி இதுதான். வண்டிய நிறுத்து."

தெருவில் எல்லாரும் அப்படியே கேட்டார்கள். வேறு பெயர் யாருக்குத் தெரியும்? நடத்துனரும் சலித்துப்போய், "கடைசி வீடெல்லாம் இறங்கு, மத்தவங்க உக்காருங்க!" என்று கூவ ஆரம்பித்துவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் புது வீட்டுப் பெண் மூச்சிரைக்க ஓடிவந்தாள். அவள் மாமனார், மாமியார், மூன்று பெட்டிகள், எல்லாம் இவர் கூடத்தில் உட்கார்ந்திருந்தன.

"கடைசி வீடுன்னு வந்தாங்க. தண்ணி குடுத்து உக்கார வச்சிருக்கேன்" என்றார் இவர், முகமெல்லாம் பல்லாக.

"அப்ப எங்க வீட்ட நாங்க என்னன்னு சொல்றது?"

இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பெரிய மனது பண்ணுகிறவர் மாதிரி யோசித்தார்.

"கடைசிக்கு அப்புறம்னு சொல்லுங்கம்மா" என்று சொல்லிவிட்டு, கனமான பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.