கொண்டை ஊசி வளைவில் கருடன்

இன்னைக்குக் காலையில கொடைக்கானல்லருந்து பழனிக்கு பஸ். டிரைவருக்குப் பக்கத்து சீட், என் கழுத்துல பைனாகுலர். கீழ வரதமாநதி அணை தெரிய ஆரம்பிச்சதும் எனக்கு வாய் சும்மா இருக்கல.

"அண்ணே, அங்க பாருங்க, தண்ணிக்கு மேல கருடன்."

டிரைவர் பார்த்தார். ஸ்டியரிங்கை விட்டார். பக்தியா ரெண்டு கையாலயும் கன்னத்துல போட்டுக்கிட்டார்.

கொண்டை ஊசி வளைவுல.

எதிர்ல லாரி ஒண்ணு வந்திருந்தா இதை எழுத நான் இல்ல. பஸ் தடுப்புச் சுவரை ஒட்டிப் போய், எப்படியோ திரும்பிருச்சு. அவர் முகத்துல ஒரு பதட்டமும் இல்ல. "நல்ல தரிசனம் சார். இன்னும் தெரிஞ்சாச் சொல்லுங்க."

பின் சீட்டுல ஆயக்குடிக்குப் போற ஒரு அக்கா. என் தோளைத் தட்டினாங்க. "உங்களுக்குப் புண்ணியமாப் போகும் தம்பி. ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் அந்தச் சாமிய இவருக்குக் காட்டாதீங்க."

அடுத்த வளைவுல அதே கருடன் அணைத் தண்ணியைத் தொட்டு, காலில் துடிக்கிற மீனோட எழும்புச்சு. எத்தனையோ வருஷமா நான் பார்க்கணும்னு காத்துக் கிடந்த காட்சி. என்னை மீறி "ஆஹா"ன்னுட்டேன்.

"என்ன சார், மறுபடியும் கருடனா?"

"காக்காண்ணே."

பழனியில முழுசா இறங்கியாச்சு. கருடனைக் காக்கான்னு சொன்னதுக்கு என்ன பரிகாரம்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க. ரெண்டு கையையும் விட்டுச் செய்யற பரிகாரமா இருந்தாலும் பரவாயில்ல, நான் இப்ப தரையிலதான் நிக்கிறேன்.