பல்லக்காவின் காற்றுப் பம்ப்

"டேய், மணி என்ன ஆகுது? வேன் எடுக்கப் போகலையா? இன்னும் என்னடா தூக்கம்?"

மாடியிலிருந்து நாத்தனாரின் குரல் இறங்கி வந்தது. குரலுக்குப் பின்னாலேயே அவளும் இறங்கி வந்தாள், கையில் பிழிந்த துணியோடு. படுக்கையறைக் கதவைத் தள்ளினாள். கட்டில் காலி. போர்வை மடித்து வைத்திருந்தது. குறட்டை மட்டும் நிற்காமல் கேட்டது.

சத்தம் வந்த பக்கம் திரும்பினாள். கூடத்து மேசையில், ஒரு பழைய துண்டின் மேல், முழ நீளத்துக்குக் கறுப்பாக ஒரு நீராவி எஞ்சின் நின்றுகொண்டிருந்தது. குறட்டை அதிலிருந்துதான் வந்தது. மேசைக்கு அந்தப் பக்கம், மெல்லிய ஊசியொன்றைக் கையில் பிடித்தபடி, தம்பி பெண்டாட்டி சிரிப்பை அடக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தாள்.

"அடிப்பாவி, இது என் தம்பிடி!"

"குறட்டைதான் அவரோடது, அண்ணி. மத்ததெல்லாம் என்னோடது."

"அவனுக்குத் தெரியுமா?"

"தூங்குறப்ப எடுத்ததுதானே, எப்படித் தெரியும்?"

தம்பி பெண்டாட்டி பல் செட் செய்பவள். நகரத்தில் சில பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள். அவள் வீட்டின் பின்னறையில் உட்கார்ந்து மெழுகில் பல் நட்டு, ஈறு கட்டி, தேய்த்து மெருகேற்றித் திருப்பி அனுப்புவாள். யாருடைய வாயையும் அவள் நேரில் பார்த்ததில்லை. ஆனால் கடைத்தெருவில் ஒருவர் வாய்விட்டுச் சிரித்தால், அது தன் கைவேலையா என்று ஒரு கண் பார்த்துக்கொள்வாள். பொம்மை ரயில் கட்டி ஓட்டுகிறவர்களுக்கு ஊரில் ஒரு மாதிரி ரயில் சங்கம் உண்டு; அதில் அவளுக்குப் 'பல்லக்கா' என்று பெயர். சங்கத்தில் அவள் ஒருத்திதான் பெண். பெயர் வைத்தவர்கள் கேலிக்குத்தான் வைத்தார்கள். அவள் அதையே தன் கருவிப்பெட்டியின் மேல் எழுதி ஒட்டிவிட்டதால் கேலிக்கு அதற்குமேல் போக்கிடம் இல்லாமல் போயிற்று.

எஞ்சினைக் கடையில் வாங்கும்போது அது பளபளவென்று இருக்கும். அந்தப் பளபளப்பு அவளுக்கு ஆகாது. "புதுச் செருப்பு மாதிரி இருக்கு," என்பாள். முதல் வேலை அதை அழுக்காக்குவது. புகைபோக்கியைச் சுற்றி விளக்குக் கரி. கொதிகலனின் தலையில், நீராவி பீறிடும் இடத்திலிருந்து வழிந்து காய்ந்த உப்புத் தண்ணீரின் வெள்ளைக் கோடுகள். அதற்குப் பல் அச்சு வார்க்கிற மாவு. ஆணித்தலை விட்டுப்போன இடங்களில் சுட்ட ஊசியால் சொட்டு வைத்த மெழுகு. நிலக்கரி நிஜ நிலக்கரிதான், இடித்து டீ வடிகட்டியில் சலித்தது. துரு நிஜத் துருதான், நாத்தனாரின் மாடிக் கம்பியைச் சுரண்டி எடுத்தது. கம்பி ஏன் இப்படி வெளுத்துப் போகிறது என்று நாத்தனார் மழையைத் திட்டிக்கொண்டிருந்தாள். எஞ்சின் ஓட்டுகிற பொம்மை மனிதனுக்கு முழுப் பல் வரிசை உண்டு. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால்தான் தெரியும். யாரும் பார்த்ததில்லை.

ஆண்டுக்கொரு முறை சங்கம் கண்காட்சி வைக்கும். கூடம் முழுக்கத் தண்டவாளம் வளைந்து கிடக்க, கதவு திறந்ததும் முதல் வண்டி கிளம்பும். அந்த முதல் வண்டியை இழுப்பது யாருடைய எஞ்சின் என்பதுதான் சங்கத்தின் மொத்த அரசியலும். பல்லக்காவின் எஞ்சின்கள் எல்லா ஆண்டும் ஓரத்து ஷெட்டில் நிற்கும். வருகிறவர்கள் குனிந்து பார்த்து வாயைப் பிளப்பார்கள். சங்கத்துக்காரர்கள், "பார்க்க அழகு. ஆனா ஊமை," என்பார்கள். மற்றவர்களின் எஞ்சின்களில் சத்தம் இருந்தது. முதல் வண்டிக்குச் சத்தம் வேண்டும். இந்த ஆண்டு முதல் வண்டியை விட்டுக்கொடுப்பதில்லை என்று அவள் முடிவு செய்திருந்தாள்.

சத்தத்தை விலைக்கு வாங்கலாம். எல்லாரும் வாங்கியதால் எல்லா எஞ்சினும் ஒரே குரலில் பேசிக்கொண்டிருந்தன. அவள் வாங்கவில்லை. பல் செட்டில் ஒட்டிய மெழுகை அடித்துக் கழுவ அவளிடம் ஆவி பீச்சும் பெட்டி ஒன்று உண்டு. மிதியை மிதித்தால் 'ஃபுஸ்' என்று பாயும். அதை ஒரு தகர வாளிக்குள் பீச்சிப் பதிவு செய்தாள். மேடு ஏறுகிற எஞ்சினின் சத்தம் கிடைத்தது. மிதியைப் பாதியில் விட்டாள். இறங்குகிற எஞ்சின் கிடைத்தது. சக்கர அச்சில் கடுகளவு காந்தம் வைத்து, ஒரு சுற்றுக்கு நாலு 'ஃபுஸ்' வருமாறு சிப்பில் ஏற்றினாள். நிலக்கரிப் பெட்டிக்குள் சட்டைப் பொத்தான் அளவு ஸ்பீக்கர். முதலில் அது கொசு மாதிரி கத்தியது. பெட்டியின் இடுக்குகளையெல்லாம் மெழுகால் அடைத்ததும் தொண்டை திறந்துகொண்டது.

மிச்சம் இருந்தது பம்ப். நீராவி எஞ்சின் நிற்கும்போதும் சும்மா நிற்காது. பிரேக்குக்குக் காற்று சேர்க்கிற பம்ப் ஒன்று பக்கவாட்டில் இழுத்து விட்டுக்கொண்டே இருக்கும். காற்று நிறைந்தால் ஓய்வெடுக்கும், குறைந்தால் மறுபடி இழுக்கும். சைக்கிள் பம்பை வைத்துப் பார்த்தாள். சைக்கிள் பம்ப் மாதிரியே இருந்தது. கதவுக் கீல், தண்ணீர் இறங்கும் தொட்டி, எதுவும் ஒத்துவரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கணவன் சோபாவில் மல்லாந்திருந்தான். ரொட்டிக் கம்பெனியின் வேன் ஓட்டுகிறவன். விடியுமுன் எழுந்து போவதால் மத்தியானத் தூக்கம் அவனுக்குச் சம்பளத்தில் சேர்ந்தது. பல்லக்கா கடந்து போனவள் அப்படியே நின்றாள். பிறகு செல்போனை அவன் நெஞ்சின் மேல் வைத்தாள்.

நீளமான அந்தப் பதிவில் அவள் ஓர் இடத்தைத் தேடி எடுத்தாள். இழுப்பு, விடுப்பு, இழுப்பு, விடுப்பு. பிறகு சத்தமே இல்லை. பிறகு ஒரு உறுமலோடு மறுபடி இழுப்பு. காற்று நிறைந்து பம்ப் ஓய்வெடுக்கிறது என்று அவள் அதற்கு அர்த்தம் வைத்துக்கொண்டாள். அந்த இடைவெளிதான் அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

"சாயங்காலம் சங்கத்துல சோதனை இருக்கு. அங்க யாருகிட்டயும் சொல்லிடாதீங்க, அண்ணி."

"நான் எதுக்குச் சொல்றேன்? எங்க குடும்பத்து மானம்," என்று நாத்தனார் துணியை உதறிக்கொண்டு மாடியேறினாள்.

கண்காட்சிக்கு எஞ்சின்களைச் சோதித்து விடுகிறவர் ரயில்வேயில் பிரேக் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சங்கத்தில் அவர் பெயர் 'காது'. கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்பார். அன்று மாலை சங்கத்துக் கூடத்தில் நாற்காலியைத் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஓட்டுங்க, பல்லக்கா."

ஓட்டினாள். எஞ்சின் வளைவில் சாய்ந்து மேட்டில் ஏறியது. 'ஃபுஸ்' கனத்தது, இடைவெளி நீண்டது. உச்சியைத் தாண்டியதும் மூச்சு லேசாயிற்று.

"ம்," என்றார் காது. அவரிடமிருந்து ஒரு 'ம்' வாங்கப் பலர் தலைகீழாக நின்றதுண்டு.

"ஊமை வாயைத் திறந்துடுச்சுப்பா," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"பல் கட்டியாச்சுல்ல. இனிமே பேசாம இருக்குமா?" என்றாள் பல்லக்கா, திரும்பாமல்.

"ஸ்டேஷன்ல நிறுத்துங்க."

நிறுத்தினாள். பம்ப் ஆரம்பித்தது. கூடத்தில் பேச்சு அடங்கியது. இழுப்பு, விடுப்பு. பிறகு அந்த இடைவெளி. அவள் காதுவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உறுமலோடு பம்ப் மறுபடி பிடித்தபோது அவருடைய புருவம் ஏறியது.

"இன்னொரு தடவை."

இன்னொரு தடவை ஓடி நின்றது. அவர் கண்ணைத் திறந்தார்.

"எந்த எஞ்சின்ல எடுத்தது இது?"

"பழைய எஞ்சின் சார். வீட்டுப் பக்கத்துலதான்."

"பழசுன்னு தெரியுது. ஓவர்ஹால் பார்க்காத எஞ்சின். அம்மா, காத்து நிறைஞ்சா பம்ப் இப்படி நிக்காது. இழுப்பு கொஞ்சம் கொஞ்சமா மெதுவாகி, அடங்கி நிக்கும். இது இழுக்கப் போய் அடைச்சுக்கிட்டு நிக்குது. உள்ள காத்து போகல. அப்புறம் திணறிப் பிச்சுக்கிட்டு எடுக்குது. ஆள் ஏத்தின வண்டிக்கு முன்னாடி இப்படி ஒரு எஞ்சினை நான் மாட்ட விட்டதே கிடையாது."

"சார், இது பொம்மை சார்."

"பொம்மைன்னா பொம்மை மாதிரி சத்தம் வைங்க. நிஜம் மாதிரி வச்சா நிஜம் மாதிரிதான் பார்ப்பேன். மத்ததெல்லாம் பிரமாதம். பம்பை மட்டும் சரி பண்ணிக் கொண்டாங்க. நாளைக்கு முதல் வண்டி உங்களுது."

முதல் வண்டி. பஸ்ஸில் எஞ்சின் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வரும்போது அவள் முகத்தில் சிரிப்பு தானாக வந்து போனது. இடைவெளியை வெட்டி, இரண்டு பக்கத்தையும் ஒட்டினால் தீர்ந்தது. பல் செட்டில் ஒரு மேடு தேய்க்கிற அளவு வேலைதான்.

வீட்டில் கணவன் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"என்ன, பச்சைக்கொடி காட்டிட்டாங்களா?"

"முக்கால் கொடி. கொஞ்சம் வேலை இருக்கு."

"நாளைக்கு லீவு சொல்லிட்டேன். முதல் வண்டி பார்க்க முதல் ஆளா நிக்கப்போறேன். கம்பெனியில கூட எல்லாருகிட்டயும்…"

அவள் கம்ப்யூட்டரைத் திறந்தாள். திரையில் சத்தம் மலைமலையாக எழுந்து இறங்கியது. மலை, மலை, மலை. பிறகு ஆணி அடித்த மாதிரி நேர்க்கோடு. பிறகு ஒரு முள். நேர்க்கோட்டைச் சுட்டி எடுத்தாள். அழிக்கிற பொத்தான் மேல் விரல் இருந்தது. பின்னால் பேச்சு நின்று போயிருந்தது. குறட்டை ஆரம்பித்திருந்தது. இழுப்பு, விடுப்பு, இழுப்பு.

பிறகு ஒன்றும் இல்லை.

அவள் திரும்பவில்லை. திரையில் இருக்கும் கோட்டின் நீளம் அவளுக்குத் தெரியும். அது முடிகிற இடம் வந்தது, போனது. இன்னும் ஒன்றும் இல்லை. திரும்பினாள். அவன் தலை பின்னால் சாய்ந்திருந்தது. வயிறு மேலே எழும்பியது, நெஞ்சு உள்ளே இழுத்தது, காற்று போகவில்லை. உதடுகள் நிறம் மாறின. அவள் நாற்காலியைத் தள்ளி எழுந்ததும் உறுமல் வந்தது.

அழிக்காமல் பதிவை முழுக்க ஓட்டிப் பார்த்தாள். நேர்க்கோடு அந்த ஓர் இடத்தில் மட்டும் இல்லை. போகப் போக வந்துகொண்டே இருந்தது. அவள் அழகானதைப் பொறுக்கி எடுத்திருந்தாள், அவ்வளவுதான்.

தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"என்ன? தூங்கலையே," என்றான்.

"நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரி போறோம்."

"யாருக்கு?"

"உங்களுக்கு. உங்க பம்ப் நிக்குது."

"என்ன பம்ப்? வேன்லயா?"

அவள் எஞ்சினை மேசையில் வைத்துப் போட்டுக் காட்டினாள். அவன் வாயைப் பிளந்து கேட்டான். "இது நானா? கேக்காம எடுத்துட்டியா?" என்று முதலில் கோபப்பட்டான். "நல்லாத்தான் இருக்கு," என்றான் பிறகு. "குறட்டை விடுறவன் எல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போனா ஊருல கட்டில் பத்தாது."

சத்தம் கேட்டு நாத்தனார் இறங்கி வந்தாள். விஷயத்தைச் சொன்னதும் அவள் சிரிக்கவில்லை. "போன வாரம் சிக்னல்ல தூங்கிட்டானாம். பின்னாடி இருந்தவங்க ஹாரன் அடிச்சு எழுப்பினாங்களாம். எங்கிட்டச் சிரிச்சுக்கிட்டே சொன்னான்."

"நீ சும்மா இரு, அக்கா."

"நீ சும்மா இருடா. சும்மா இருந்தா தூங்கிடுறே."

தூக்கத்தைப் பார்க்கிற டாக்டரம்மா ஊர் ஆஸ்பத்திரிக்கு வாரத்தில் ஒரு நாள்தான் வருவாள், காலையில் மட்டும். அது நாளைதான், கண்காட்சி திறக்கிற அதே நேரம். எஞ்சினை அதன் சொந்தக்காரர்தான் ஓட்ட வேண்டும் என்பது சங்கத்து விதி.

"அடுத்த வாரம் போலாமே," என்றான் கணவன். "உன் முதல் வண்டி…"

"அடுத்த வாரம் முழுக்க வேன் ஓட்டுவீங்க."

அவள் காதுவுக்குப் போன் போட்டாள். "சார், முதல் வண்டியை வேற யாருக்காவது குடுத்துடுங்க. பம்ப் ரிப்பேர் பெருசு."

"வெட்டி ஒட்டற வேலைதானேம்மா?"

"சார், அந்தச் சத்தம் எஞ்சின்ல எடுத்ததில்ல. எங்க வீட்டுக்காரர்."

"வண்டி ஓட்டுறவரா?"

"ஆமா சார். ரொட்டி வேன்."

"அவரை வண்டியில மாட்ட விடாதீங்க," என்றார் காது.

மறுநாள் காலை மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கூட்டம் இருந்தது. டாக்டரம்மா தூக்கத்தில் மூச்சு நிற்குமா என்று கேட்டாள். கணவன் இல்லை என்றான். பல்லக்கா பெட்டியைத் திறந்து எஞ்சினை மேசைமேல் வைத்தாள். "இது என்னம்மா?" என்றாள் டாக்டரம்மா. "இது இவருதாங்க," என்றாள் பல்லக்கா. டாக்டரம்மா இரண்டு முறை போடச் சொல்லிக் கேட்டாள். ஒரு இரவு தங்கிச் சோதனை செய்ய நாள் குறித்தாள். அதுவரை வேன் ஓட்டக்கூடாது என்றாள். வெளியே வந்து கணவன் கம்பெனிக்குப் போன் செய்தான். சரக்கு ஏற்றுகிற பக்கம் வேலை தருவதாகச் சொன்னார்கள். கண்காட்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் ஆகியிருந்தது. முதல் வண்டியை ஒரு பச்சை எஞ்சின் இழுத்துவிட்டது. பல்லக்கா பம்ப் சத்தத்தை நிறுத்திவிட்டு மூன்றாம் வண்டியை ஓட்டினாள். காது வந்து கேட்டுவிட்டு 'ம்' என்றார். நாத்தனார் டீ வாங்கி வந்தாள். திரும்புகிற பஸ்ஸில் இடம் இல்லை. எல்லாரும் நின்றுகொண்டே வந்தார்கள்.