நிலவறையில் கிடைத்த ராசா

சந்திரமதிக்கு நாலு காலில் நடக்கும் எதைக் கண்டாலும் பயம். ஆராவ் நகரத் தெருவில் எதிரே ஒரு குட்டி நாய் வந்தால்கூட மற்றக் கரைக்கு மாறிவிடுவாள். முதியோர் இல்லத்தில் சலவை வேலை செய்கிறாள். அங்கே ஒரு கிழவியின் பூனை படியில் படுத்திருந்தால், அது எழும்பும் மட்டும் துணிக்கூடையோடு கீழேயே நிற்பாள். அவளுடைய வீரம் அவ்வளவுதான் என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள்.

போன மார்ச்சில் உடுப்புத் தோய்க்க நிலவறைக்கு இறங்கினாள். ஜன்னலுக்கு வெளியே, வெளிச்சத்துக்காக வெட்டிய குழிக்குள், பார்க்கப் பல்லி போலவும் தோலில் தவளை போலவும் இருக்கும் ஒரு சாலமாண்டர் கிடந்தது. கறுத்த உடம்பு, அதில் மஞ்சள் திட்டுகள், ஒரு சாண் நீளம். பின்னால் இருக்கும் காட்டிலிருந்து வந்து விழுந்திருக்க வேண்டும். சந்திரமதி வீரிட்டுக் கத்தினாள். பிறகு நின்று பார்த்தாள். அது சுவரில் ஏறி விழுந்தது. திரும்பவும் ஏறி, திரும்பவும் விழுந்தது. அவளுக்கு மனம் கேட்கவில்லை.

கத்தல் கேட்டு ஓடிவந்த கணவன் சிவநேசன் வாசலிலேயே நின்றுகொண்டார்.

“உதைத் தொடாதையும்! நஞ்சு!”

“நஞ்செண்டால் சாக விடுறதோ?”

சமையலறைக் கையுறையை நனைத்துப் போட்டுக்கொண்டு, முகத்தை மற்றப் பக்கம் திருப்பியபடி அதைத் தூக்கினாள். தானா இப்படி என்று அவளுக்கே ஆச்சரியம்.

பக்கத்து வீட்டார் ஒரு தொலைபேசி எண் கொடுத்தார்கள். தவளை, சாலமாண்டர்களைக் காப்பாற்றும் தொண்டர் பிராவ் வேர்லி, அதாவது திருமதி வேர்லி, மறுமுனையில் பேசினாள். இது சட்டம் பாதுகாக்கும் உயிர், வளர்க்க முடியாது. ஆனால் வெளியே கடும் உறைபனி, அது விலகும்வரை வைத்திருக்கலாம் என்றாள். குளிர்ந்த இடம், ஒரு பெட்டி, ஈரப் பாசி, இலைச்சருகு. வேறொன்றும் தேவையில்லை.

பலகாரம் போடும் பெரிய பிளாஸ்ரிக் பெட்டி, பாசியும் சருகுமாகக் கண்ணாடி அடைத்த பல்கனிக்குப் போனது. உள்ளே படுத்த சாலமாண்டருக்கு ராசா என்று பெயரும் வைத்தாயிற்று. ஆனால் வேறொன்றும் தேவையில்லை என்ற பேச்சு மட்டும் சந்திரமதிக்குச் செரிக்கவில்லை. வீட்டுக்கு வந்தவருக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்காமல் இருப்பதா? தட்டையான கேக் தட்டில் மழைத்தண்ணீர் விட்டுப் பாசிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“விருந்தாளியோ இவர்? தேத்தண்ணியும் போடும்,” என்றார் சிவநேசன்.

ராசா தண்ணீரில் வாயே வைக்கவில்லை. வயிறு வேறு உப்பிக்கொண்டே வந்தது. “சமிபாடில்லை, தப்பாது,” என்று சிவநேசன் தீர்ப்புச் சொல்லிவிட்டார். சந்திரமதிக்குச் சோறு இறங்கவில்லை. தன் கைக்கு வந்த உயிர் தன் கையிலேயே போய்விடுமோ என்று வேலையிலும் அதே நினைப்பு. ஓமத்தண்ணீர் காய்ச்சி ஒரு சொட்டு விடலாமா என்றுகூட யோசித்தாள். நல்ல வேளை, விடவில்லை.

மூன்றாம் நாள் காலை தண்ணீர் முழுக்கப் புழு. அருவருத்துக்கொண்டு தட்டைத் தூக்கி, கழுவும் தொட்டி வரைக்கும் கொண்டுபோய்ச் சரிக்கவும் தொடங்கிவிட்டாள். விளிம்பில் ஒரு புழு ஒதுங்கியது. அதற்குக் கால் இருந்தது. நாலு கால், கழுத்தோரம் குஞ்சம் போலச் செவுள். சந்திரமதி தட்டைச் சட்டென்று நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டாள்.

“இஞ்சை ஓடி வாங்கோ! ராசா பிள்ளை பெத்திருக்கு!”

சிவநேசன் வந்து குனிந்து பார்த்தார். “அப்ப துடக்கோ? சாமிக்கு விளக்கு ஏத்தலாமோ?” என்று பிள்ளை பிறந்த வீட்டுத் தீட்டை நினைத்து மெல்லக் கேட்டார். பகிடியா உண்மையா என்று அவருக்கே தெரியவில்லை.

பனி விலகியதால் பிராவ் வேர்லி அன்றைக்கே வந்தாள். தட்டைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. இந்தக் குஞ்சுகள் தண்ணீரில்தான் பிழைக்கும், தட்டு இல்லாமல் வெறும் பாசியில் விழுந்திருந்தால் ஒன்றும் மிஞ்சியிராது, இதைச் சொல்லாமல் விட்டது தன் பிழை என்றாள். சந்திரமதிக்கு நெஞ்சு கொள்ளாத பெருமை.

மூவருமாகக் காட்டு ஓடைக்குப் போனார்கள். தாய் சருகுக்குள் நுழைந்து மறைந்தது. நீர் தேங்கிய இடத்தில் குஞ்சுகளைச் சந்திரமதியே விட்டாள், இந்த முறை முகத்தைத் திருப்பாமல்.

வீட்டுக்கு வந்ததும் ஓர்லிகோனில் இருக்கும் தங்கை பிரபாலினிக்கு அழைத்தாள்.

“எங்கட வீட்டில பிள்ளைப்பேறடி. தாயும் பிள்ளையளும் சுகம்.”

முழுக்கதையும் கேட்டு முடித்தும் பிரபாலினிக்கு நம்பிக்கை வரவில்லை. பூனைக்குப் பயந்து படியேறாத அக்கா அல்லவா!

“உண்மையாச் சொல்லக்கா, ஆர் பேறு பாத்தது?”

“நான்தான்,” என்றாள் சந்திரமதி.