எட்டாவது சோடியின் இடம்

என் மனைவி சாருஜாவுக்கு ஆட வராது. இதை வெளியில் சொன்னால் வீட்டில் சோறு கிடைக்காது, ஆனாலும் உண்மை உண்மைதான். ஏழு வயதில் இங்கே சுவிஸில், வின்டர்தூர் நகரில் பரதநாட்டிய வகுப்புக்குப் போனவளை மூன்று மாதத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். "பிள்ளை மற்றவை ஆடுறதைத்தான் பாத்துக்கொண்டு நிக்குது" என்றாராம் ஆசிரியை. அந்தப் பார்த்துக்கொண்டு நிற்கிற வேலைக்குத்தான் பல்கலைக்கழகம் இப்போது முனைவர் பட்டம் தரப்போகிறது. ஐரோப்பிய நாட்டுப்புற நடனம் பற்றிய ஆய்வு. "டொக்டர் எண்டால் ஊசி போடுற டொக்டர் எண்டெல்லோ நினைச்சன்!" என்று மாமி இன்னும் புலம்புகிறார்.

நான் கோபிசன், பஸ் சாரதி. கிழமை முழுக்க ஓட்டுவது போதாதென்று வியாழன் மாலைகளில் இவளை மலைக்கிராமம் ஒன்றுக்கு ஏற்றிக்கொண்டு போவேன். அங்கே பள்ளிக்கூட மண்டபத்தில் ஊர்க்காரர் கூடி லென்ட்லர் ஆடுவார்கள். மூன்று தாளத்தில் மெல்லச் சுழலும் சோடி ஆட்டம். இவள் படம் பிடிப்பாள். பிறகு வீட்டில் ஒவ்வொருவரின் காலையும் கையையும் கோடும் புள்ளியுமாகத் தாளில் இறக்குவாள். பேராசிரியரின் கட்டளை: பார், குறி, கேள்வி கேட்டு அவர்கள் வாயில் பதிலைத் திணிக்காதே.

இவளும் கேட்கவில்லை. எட்டு மாதம்!

அந்த வட்டத்தில் ஏழு சோடிகள். எட்டாவது இடத்தில் ஊவேலி என்ற எழுபது வயது மனிதர் தனியாகச் சுழன்றார், வலது கையை விரித்தபடி. பக்கத்தில் ஒருவரும் இல்லை. வேறெந்தக் கிராமத்திலும் இப்படி இல்லையென்று இவளுக்குத் தலைகால் புரியாத சந்தோசம். முன்பு அந்நிய நாடுகளின் போருக்குக் கூலிக்குப் போய்த் திரும்பாத படைவீரருக்காக விட்ட இடம் அது என்று நாற்பது பக்கம் எழுதினாள். பேராசிரியர் புகழ்ந்து தள்ளினார். ஆய்வேட்டின் முதுகெலும்பே அந்த அத்தியாயம்தான். ஒப்படைக்க இரண்டு கிழமை இருந்தது.

ஒப்படைக்கும் முன் ஊர்க்காரருக்குக் காட்ட வேண்டும் என்பது முறை. ஒக்டோபரில் ஒரு வியாழன் அவரவர் ஆட்டம் வரைந்த தாளை அவரவர் கையில் கொடுத்து, படங்களைச் சுவரில் போட்டு விளக்கினாள். படைவீரர் கதை வந்ததும் எல்லாரும் ஊவேலியைத் திரும்பிப் பார்த்தார்கள். குழுத்தலைவிதான் கடைசியில் வாய் திறந்தார். "அது வ்ரேனியின் இடம். ஊவேலியின் மனைவி. போன நவம்பரில் இறந்துவிட்டார். எங்கள் குழுவில் ஒருவர் போனால் ஒரு வருடத்துக்கு அந்த இடத்தில் யாரும் நிற்பதில்லை."

ஊருக்கே தெரிந்த விசயம். அதனால்தான் ஒருவரும் சொல்லவில்லை.

காருக்குள் வந்து விழுந்தவள் குலுங்கிக் குலுங்கி அழுதாள். "எல்லாம் போச்சு கோபி. அந்த மனுசன்ரை செத்தவீட்டை நான் ஆராய்ச்சி எண்டு எழுதிப்போட்டன்."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே நீர்" என்றேன். அந்த நேரத்தில் சொல்லக்கூடாத வார்த்தை. என் வாய் அப்படி.

அப்போது யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். ஊவேலி. கையில் இவள் கொடுத்த தாள். இவள் பதறியடித்து இறங்கி மன்னிப்புக் கேட்டாள். அவர் அதைக் காதில் வாங்காமல் தாளில் ஒரு கோட்டைத் தொட்டார். அவர்கள் சுவிஸ் ஜெர்மனில் கதைத்ததை எங்கள் தமிழில் சொல்கிறேன்.

"பிள்ளை, இது என்ன?"

"உங்கடை வலது கை."

"நான் கையைக் கீழை விட்டெல்லோ ஆடுறன்? அவள் போன முதல் கிழமையே இறக்கிப்போட்டன்."

"இல்லை ஐயா. இருபத்தாறு தரம் படம் எடுத்தனான். எல்லாத்திலயும் தூக்கித்தான் இருக்கு."

அவர் நம்பவில்லை. கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஏன் கையை இவ்வளவு கீழை, பதிவாப் போட்டிருக்கிறாய்?"

"மற்ற ஆம்பிளையள் தங்கடை தோள்மட்டத்திலை வைக்கினம். நீங்கள் ஒரு சாண் கீழை. ஒவ்வொரு தரமும் அதே உயரம்தான், அளந்து பாத்தனான்."

மனுசன் கையை மெல்லத் தூக்கினார். கோட்டில் இருந்த அந்த உயரத்துக்கு. அங்கே நிறுத்திக்கொண்டு சிரித்தார், கண்ணால் நீர் வழிந்தது.

"ஓம். அவள் ஆள் கட்டை."

ஒளிப்பானேன், நானும் அழுதேன். சாருஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்தப் பக்கங்களை எல்லாம் எடுத்துவிடுறன் ஐயா" என்றாள்.

"படைவீரரை எடு" என்றார் ஊவேலி. "கையை எடுக்காதை. அவளின்ரை பேரையும் எழுது."