ஒரே முகவரிக்கு இரண்டு பதில்

இரண்டு வருடங்களுக்கு முன், திருவொற்றியூரில் ஒரு கண்டெய்னர் யார்டில் நெட்வொர்க் பார்க்கும் வேலையில் இருந்தேன். லாரிகளை நிறுக்கும் எடைமேடையிலிருந்து வர வேண்டிய எடை, ஒரு மாதமாக அடிக்கடி அலுவலகக் கணினிக்கு வந்து சேரவில்லை. வெளியே லாரிகள் வரிசை கட்டும். “இன்னாம்மா, உன் கம்ப்யூட்டரு தூங்கினு கீதா?” என்பார்கள் டிரைவர்கள். சனிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் வெளியாளைக் கூப்பிடுவேன் என்றார் மேனேஜர்.

எதையும் பட்டியல் போட்டுச் செய்வது என் வழக்கம். கேபிள், ஸ்விட்ச் என்று சந்தேகப்பட ஒன்பது இடங்களை எழுதினேன். நெட்வொர்க்கில் ஓடும் தகவல் துண்டுகளை, அதாவது பாக்கெட்டுகளை, பிடித்துப் பார்க்கப் புரோகிராமும் நானே எழுதினேன். அதற்கென்றே பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல்கள், லைப்ரரிகள், இருப்பது தெரியும். எல்லாம் என் கையால் ஆக வேண்டும் என்ற திமிர். எட்டு நாள் போனதுதான் மிச்சம்.

வியாழக்கிழமை, கூட வேலை பார்த்த கொருக்குப்பேட்டைப் பெண், தான் பார்க்கட்டுமா என்று கேட்டாள். டிப்ளமா முடித்து, சேர்ந்து மூன்று மாதம்தான். டிரைவர்கள் அவளிடம் சிரித்துப் பேசுவார்கள். என்னைக் கண்டால் வானத்தைப் பார்த்துக்கொள்வார்கள். அதற்கும் மனதில் ஒரு பொறாமைப் பட்டியல் வைத்திருந்தேன்.

ஒரு லைப்ரரியை எடுத்து நாலு வரி எழுதினாள். எதுவும் சிக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டு பின்னால் நின்றேன். நான் எடைத் தகவலை மட்டுமே வடிகட்டியிருந்தேன். அவளோ, ‘இந்த நெட்வொர்க் முகவரி யாருடையது?’ என்று கருவிகள் கேட்டுக்கொள்ளும் பாக்கெட்டுகளை வடிகட்டினாள். பத்தே நிமிடம்.

“யக்கா, இங்க பாரு. ஒரே அட்ரஸுக்கு ரெண்டு பேரு பதில் சொல்லிகினு கீறாங்க.”

ஒன்று எடைமேடை. இன்னொன்று, போன மாதம் நான் மாட்டிய கேட் கேமரா. அதன் மேல் என் கையெழுத்தில், அதே முகவரியோடு சீட்டு ஒட்டியிருந்தது. எடைமேடைக்குக் கணினி அனுப்பியதெல்லாம் பாதி நேரம் கேமராவுக்குப் போயிருக்கிறது. என் ஒன்பது இடங்களில் அது இல்லை.

அவள் குரலைத் தாழ்த்தினாள். “கேமரா நம்பர மாத்திடு யக்கா. ரெண்டு மெஷினு மோதிகிச்சுனு சொல்லிக்கலாம். யாரு வச்சதுன்னு நான் இன்னாத்துக்கு சொல்லப் போறேன்?”

இந்தப் பெருந்தன்மையும் அவளுக்கே வாய்த்ததே என்று அப்போதும் வயிறு எரிந்தது. மேனேஜரிடம் என் தவறு என்று நானே போய்ச் சொன்னேன். பாதி நேர்மை; மீதி, அவளுக்குக் குறைந்தவளாகிவிடக் கூடாது என்ற வீம்பு.

இன்று லைப்ரரியைத்தான் முதலில் எடுக்கிறேன். சந்தேகப் பட்டியலின் முதல் வரியில் நான் வைத்த கருவிகளை எழுதுகிறேன். அந்த வரியை எனக்குக் கற்றுத்தந்தது அவள் என்பது இன்னும் கொஞ்சம் உறுத்துகிறது. உறுத்தட்டும் என்றே விட்டுவைத்திருக்கிறேன்.