மாக்கோலத்தில் ஒட்டிய கடைசி ஆறு பக்கங்கள்

சரஸ்வதி பூஜையில் வைத்த புத்தகத்தை மறுநாள் மறுபூஜை முடியும்வரை தொடக்கூடாது. நகர்த்தவும் கூடாது. என் பிறந்த வீட்டிலும் அப்படித்தான், ஆரம்பாக்கத்தில் நான் வாழவந்த வீட்டிலும் அப்படித்தான். நான் எட்டாவதோடு நின்றவள். சின்ன வயதில் ஒருமுறை பூஜையில் இருந்த புத்தகத்தை யாருக்கும் தெரியாமல் எடுத்துப் புரட்டினேன். படிப்பு எனக்கு வராமல் போனதற்கு அதுதான் காரணம் என்று இன்றைக்கும் மனதின் ஒரு மூலையில் நம்புகிறேன். இதைச் சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

அதனால்தான் போன வருஷம் பூஜையன்று மகள் வந்து கேட்டதை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

"அம்மா, எல்லா புக்கையும் எட்த்து வெச்சிக்கோ. இந்த ஒண்ண மட்டும் வுட்டுடு. இன்னும் நாப்பது பக்கம் கீது."

அவள் கையில் இருந்தது பள்ளி நூலகத்துப் புத்தகம். பிள்ளைகளுக்கான நாவல். அட்டையில் தங்க நிறத்தில் வட்டமாக ஒரு முத்திரை. நல்ல நாவல் என்று விருது கொடுத்ததற்கான அடையாளம் அது என்று மகள் சொன்னாள். எனக்கு அது அம்பாள் நெற்றியில் வைக்கும் பொட்டு போலத் தெரிந்தது. பல கை மாறியதில் பின்னட்டை எப்போதோ கிழிந்து போயிருந்தது. புத்தகத்தைத் திருப்பினால் கடைசிப் பக்கமே வெளியே தெரியும்.

விஜயதசமி அன்று திருவள்ளூரில் ஒரு வாசகர் வட்டத்தார் போட்டி வைத்திருந்தார்கள். விருது வாங்கிய சிறார் நாவல் ஒன்றைப் படித்துவிட்டு மேடையில் பேசவேண்டும், நடுவர்கள் கேள்வி கேட்பார்கள். முதல் பரிசு ஒரு பெட்டி. அதில் இருபது நாவல்கள், எல்லாம் அந்த வட்ட முத்திரை விழுந்தவை. மகளுடைய பள்ளியில் நூலகம் என்பது ஒரே ஒரு பீரோ. அதில் இந்த மாதிரிப் புத்தகம் மூன்றுதான். இரண்டை அவள் படித்தாயிற்று. போட்டிக்கு டீச்சர் எழுதிக் கொடுத்தது மூன்றாவதை. அது இன்னொரு பிள்ளையிடமிருந்து திரும்பி வந்து அவள் கைக்குக் கிடைத்தே மூன்று நாள்தான் ஆகியிருந்தது. வரப்போகும் பெட்டிக்காக எங்கள் டிவி ஸ்டாண்டின் கீழ்த்தட்டைக் காலி செய்து, ஈரத்துணியால் துடைத்து, யாரும் அதில் எதையும் வைக்கக்கூடாது என்று சொல்லியிருந்தாள். என் வீட்டுக்காரர் ரீசார்ஜ் லைட்டை அதில் வைத்ததற்கு அவருடன் அரை நாள் பேசவில்லை.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. "அதெல்லாம் கூடாது கண்ணு. இன்னிக்கு ஒரு நாளு."

"நாளைக்குதாம்மா போட்டி!"

கும்மிடிப்பூண்டி கம்பெனியில் ஆயுத பூஜை முடித்துவிட்டுப் பொரியும் சுண்டலுமாக என் வீட்டுக்காரர் அப்போதுதான் வந்தார். "நைனா, நீயாவது சொல்லு நைனா" என்று அவரிடம் ஓடினாள்.

"எங்க கம்பெனில மெஷினுக்கே இன்னிக்கு லீவு. பொட்டு வெச்சிகினு ஜம்முனு உக்காந்துகினு கீது. உனுக்கு இன்னா பேஜாரு?" என்றார் அவர். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார். "விடியறதுக்குள்ள மறுபூஜைய முட்ச்சிடேன். ரயில்ல படிச்சிகினு போவட்டும்."

அது எல்லோருக்கும் சரியாகப் பட்டது. ஆரம்பாக்கத்தில் ஏறிப் பேசின் பிரிட்ஜில் மாறித் திருவள்ளூர் போக எப்படியும் இரண்டரை மணி நேரம் ஆகும். நாற்பது பக்கம் படிக்க அது போதும். மகள் தான் படித்து நிறுத்திய பக்கத்தில் ஒரு மயிலிறகை அடையாளம் வைத்து, புத்தகத்தை என்னிடம் கொடுத்தாள்.

மணையைக் கழுவி, அரிசி அரைத்து மாக்கோலம் போட்டேன். கோலம் சரியாகக் காய்வதற்குள் புத்தகங்களை அடுக்கிவிட்டேன். முத்திரை விழுந்த புத்தகம் மற்ற பாடப்புத்தகங்களோடு கலந்து கிடக்கவேண்டாம் என்று அதைத் தனியாக, அம்பாள் படத்துக்கு நேர் கீழே, கோலத்தின் நடுவில் வைத்தேன். முத்திரையின் மேல் சந்தனம், அதன்மேல் குங்குமம்.

சாயந்திரம் தீபாராதனை காட்டும்போதுதான் அது நடந்தது. என் முந்தானை பட்டுக் கலசச் சொம்பு சாய்ந்தது. தண்ணீர் மணையில் ஓடிக் கோலத்தைக் கரைத்துக்கொண்டு புத்தகத்துக்கு அடியில் போயிற்று.

"அம்மா! புக்கு நனையுதும்மா! தூக்கும்மா!"

அவள் கையை நான் தட்டிவிட்டேன். "கைய வெக்காத! பூஜைல கீறத நவத்தக் கூடாது!"

புத்தகத்தைச் சுற்றித் துணியால் ஒற்றினேன். அடியில் போன தண்ணீரை என்ன செய்வது என்று தெரியவில்லை. தாயே, நீயே பார்த்துக்கொள் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். மகள் சுவர் ஓரமாக உட்கார்ந்து அந்தப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதை என்னவென்று அன்றைக்குச் சுண்டலுக்குத் தேங்காய் துருவும்போதே எனக்குச் சொல்லியிருந்தாள். நெடுஞ்சாலை ஓரத்தில் டீக்கடை வைத்திருப்பவரின் மகள். அவளுடைய அண்ணன் அப்பாவோடு சண்டை போட்டுவிட்டு ஏதோ ஒரு லாரியில் ஏறிப் போய்விடுகிறான். எந்த ஊர் என்று தெரியாது. டீ குடிக்க நிற்கிற ஒவ்வொரு லாரியின் பின்பலகையிலும் அவள் சாக்பீஸால் அண்ணனுக்கு ஒரு வரி எழுதுகிறாள். கோழி குஞ்சு பொரித்துவிட்டது. உன் சட்டையை அப்பா இன்னும் கொடியிலேயே விட்டிருக்கிறார். இப்படி. ஏதாவது ஒரு லாரி என்றைக்காவது அவன் கண்ணில் படாதா என்று. கேட்டபோது, பாவம் பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன். அதற்குமேல் அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

மறுநாள் விடிவதற்கு முன்பே குளித்து மறுபூஜையை முடித்தேன். புத்தகத்தை எடுத்தேன், மணையும் சேர்ந்து வந்தது. மெல்லப் பிரித்ததும் கழன்றது. திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் முழுக்க வெள்ளையாக மாவு. கடைசி மூன்று தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே அட்டைபோல விறைத்திருந்தன. அரிசி மாவும் தண்ணீரும். நானே பசை காய்ச்சி ஒட்டியதுபோல.

முந்தானையால் துடைத்தேன். ஒரு பழைய காலண்டர் தாளை எடுத்துப் பின்பக்கம் தெரியாதபடி அட்டை போட்டேன். அவளிடம் சொல்லவில்லை. "பத்திரமா இருக்கட்டும்னு போட்டேன்" என்றேன். நல்ல நாளில், சாமி அறையில் நின்றுகொண்டு நான் சொன்ன பொய் அது.

ரயிலில் ஜன்னல் ஓரம் அவள், நடுவில் நான், என் பக்கத்தில் வேலைக்குப் போகிற என் வீட்டுக்காரர். மயிலிறகு இருந்த இடத்தில் திறந்து படிக்க ஆரம்பித்தாள். அவள் தாளைத் திருப்பும்போதெல்லாம் மீதியை நான் எண்ணிக்கொண்டிருந்தேன். நாற்பது இருந்தது முப்பதாயிற்று. கும்மிடிப்பூண்டி வந்தது. அவர் இறங்கும்போது, "ஜெயிச்சிட்டு போன் பண்ணு பாப்பா, அந்தத் தட்டுல நான் எதையும் வெக்கல" என்றார். அவள் தலை நிமிராமலே சிரித்தாள். பொன்னேரி போயிற்று. இருபதாயிற்று. நான் சரஸ்வதி தோத்திரம் சொல்ல ஆரம்பித்தேன், பாதியில் மறந்தது, முதலிலிருந்து சொன்னேன், அதே இடத்தில் மறந்தது. இப்போதே சொல்லிவிடு என்று ஒரு மனது. படிக்கிற பிள்ளையைக் கலைக்காதே என்று இன்னொரு மனது. பேசின் பிரிட்ஜில் வண்டி மாறி உட்கார்ந்தோம். வேப்பம்பட்டு நெருங்கும்போது அவள் விரல் நின்றது.

தாளை நகத்தால் நிமிண்டினாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். காலண்டர் அட்டையைக் கழற்றினாள்.

"உனுக்குத் தெரியும்" என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"கண்ணு..."

"ஒரு லாரி திரும்பி வருதும்மா. அதோட பலகைல வேற யாரோ எழுதி கீறாங்க. அவ எழுத்து இல்ல. இன்னா எழுதி கீதுன்னு அடுத்த பக்கம்." அந்த அடுத்த பக்கம்தான் மாவில் இருந்தது.

பிரிக்கப் பார்த்தாள். ஓரம் கொஞ்சம் கிழிந்தது. உடனே கையை எடுத்துவிட்டாள். அதன்பிறகு திருவள்ளூர் வரை ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள். ஸ்டேஷனில் இறங்கியதும் நான் அவள் நைனாவுக்குப் போன் போட்டேன். "போன்ல தேடிப் பாக்கச் சொல்லு, எதுனா போட்டிருப்பான்" என்றார். மகள் தலையை ஆட்டி மறுத்துவிட்டு முன்னால் நடந்தாள்.

மண்டபத்தில் நுழைந்ததும் புத்தகங்களை நடுவர் மேசையில் வைத்துவிடச் சொன்னார்கள். அங்கே எங்கள் புத்தகத்தைப் போலவே இன்னொன்று இருந்தது. புதுசு, பிளாஸ்டிக் உறை போட்டது. அது வேப்பம்பட்டிலிருந்து வந்த ஒரு பெண்ணுடையது. நான் வெட்கத்தை விட்டு அவள் அம்மாவிடம் போய் நடந்ததைச் சொன்னேன்.

"பூஜைல வெக்கும்போது கீழ ஒரு நியூஸ் பேப்பர் போட மாட்டீங்களா? எங்க ஊட்ல ரெண்டு போடுவோம்" என்றார் அந்த அம்மா. சுருக்கென்றது. ஆனால் அவருடைய மகள் நல்ல பிள்ளை. "புக்கு அங்க போயிடுச்சு ஆன்ட்டி. நான் வேணா முடிவ சொல்றேன்" என்று எழுந்தே வந்தாள்.

எனக்கு உயிர் வந்தது. என் மகளைக் கைப்பிடித்து இழுத்து வந்து நிறுத்தினேன். அந்தப் பெண் வாயைத் திறந்ததும் இவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

"வாணாம். சொல்லாத. ப்ளீஸ்."

"அடியே, கேட்டுக்கோயேன்! அத தானே கேப்பாங்க!" என்றேன்.

"யாருனா சொல்லிட்டா அப்றம் நான் இன்னாத்த படிப்பேன்?"

"அப்ப அந்தப் பெட்டி?"

அவள் கண் கலங்கியது. ஆனாலும் கையைக் காதிலிருந்து எடுக்கவில்லை. "பூஜைல கீற புக்க தொடாதன்னு நீ சொன்ன இல்ல? நான் தொட்டனா? இத நீ வுடும்மா."

வேண்டாம் கண்ணு என்று அந்த வேப்பம்பட்டுப் பெண்ணை நானே அனுப்பிவிட்டேன்.

அவள் முறை வந்தது. நன்றாகத்தான் பேசினாள். கதையில் டீக்கடைப் பெண் லாரியில் எழுதின வரிகளை ஒவ்வொன்றாகச் சொன்னபோது மண்டபத்தில் சத்தமே இல்லை. கொடியில் கிடக்கிற சட்டையைச் சொன்னபோது பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். நடுவர்களில் வயதான அம்மா ஒருவர் கேட்டார்: "முடிவு உனக்கு ஏத்துக்கிற மாதிரி இருந்துதாம்மா?"

மகள் என்னைப் பார்த்தாள். எதையாவது சொல்லிச் சமாளித்துவிடு என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன். பெருமாள் இருக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு அதைத்தான் வேண்டினேன்.

"தெரியல மேடம். கடைசி ஆறு பக்கம் ஒட்டிக்கிச்சு. ஊட்டுக்குப் போய் பிரிச்சிப் படிக்கணும். நீங்களும் சொல்லிடாதீங்க."

மண்டபமே சிரித்தது. அந்த அம்மாவும் சிரித்தார், ஆனால் தாளில் ஏதோ எழுதினார். பக்கத்தில் இருந்த நடுவர், "போட்டின்னா முழுசா படிச்சிட்டு வரணும்மா" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான்.

பெட்டி வேப்பம்பட்டுப் பெண்ணுக்குப் போயிற்று. எங்களுக்கு, கலந்துகொண்டதற்கான சான்றிதழ்.

வீடு திரும்பி, புடவைகூட மாற்றாமல் இட்லிப் பானையில் தண்ணீர் வைத்தேன். எச்சில் படாத புதுத் துணியால் புத்தகத்தைச் சுற்றி, கடைசித் தாள்கள் மட்டும் ஆவியில் படும்படி பிடித்தேன். மாவு இளகியது. ஈர்க்குச்சியை உள்ளே விட்டு அரை அங்குலம் அரை அங்குலமாகப் பிரித்தேன். கை சுட்டது. மகள் முதலில் தூரத்தில் நின்றாள். முதல் தாள் கழன்றதும் பக்கத்தில் வந்தாள். ஒவ்வொரு வரியாக வெளியே வர வர வாய்விட்டுப் படித்தாள். நான் பிரித்தேன், அவள் படித்தாள். இரண்டாவது தாளில் ஒரு சொல் மாவோடு போய்விட்டது. என்னவாக இருக்கும் என்று இருவரும் சேர்ந்து யோசித்து வைத்தோம். மூன்றாவது தாளுக்கு முன் ஆவி குறைந்துவிட்டது. தண்ணீர் கொதிக்கும்வரை காத்திருந்தோம்.

"வந்துட்டானாடி அவன்?" என்று கேட்டேன். என்னால் பொறுக்க முடியவில்லை.

"இரும்மா. அவசரப்படாத" என்றாள். அன்றைக்குக் காலையிலிருந்து அவள் என்னிடம் கோபமில்லாமல் பேசிய முதல் வார்த்தை.

அடுத்த பள்ளி நாளில் நானே போய் டீச்சரிடம் புத்தகத்தைக் கொடுத்து நடந்ததைச் சொன்னேன். அவர் முத்திரை மேல் அழியாமல் நின்றுவிட்ட குங்குமத்தைத் தடவிப் பார்த்தார். பதிவேட்டில், 'கடைசித் தாள்கள் ஈரம் பட்டவை, படிக்கலாம்' என்று எழுதிக்கொண்டார். டிவி ஸ்டாண்டின் கீழ்த்தட்டு இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. பூஜையை நான் விடவில்லை. ஆனால் இந்த வருஷம் புத்தகங்களை அடுக்குவதற்கு முன், எதையெல்லாம் படித்து முடித்தாய் என்று கேட்டேன். முடிக்காததை அவள் கையிலேயே விட்டுவிட்டேன். தாய் கோபித்துக்கொள்ளமாட்டாள் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் இரண்டு முறை கூடுதலாகக் கும்பிட்டேன்.

அந்த லாரிப் பலகையில் என்ன எழுதியிருந்தது என்பதை இங்கே எழுதப்போனேன். என் தோளுக்குமேல் எட்டிப் பார்த்துப் படித்துக்கொண்டிருந்த மகள் பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அத மட்டும் எழுதின, பாத்துக்கோ."


எழுதவில்லை.