ஸ்டெல்லா டீச்சர் தொந்தரவு கொடுத்திருக்க வேண்டும்

மேட்டுப்பாளையத்தில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. பள்ளி அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். "ஐயா, நம்ம ஸ்டெல்லா டீச்சர் தவறிட்டாங்க. காலையில நெஞ்சு வலிக்குது, கேஸுன்னுதான் சொன்னாங்க. நாங்களும் கேஸுன்னே நெனச்சுப்போட்டோம்." எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அது இன்னும் தணியவில்லை, தணிவதற்குள் எழுதிவிடுகிறேன்.

பள்ளி மலருக்கு அஞ்சலி எழுதச் சொன்ன தலைமையாசிரியை, "யாருக்கும் ஒரு தொந்தரவு குடுக்காத மனுஷின்னு ஆரம்பிங்க ஐயா" என்றார். அந்த வரியை நான் எழுத மாட்டேன்.

அவரோடு வேலை பார்த்த உங்களுக்குத் தெரியும். அவர் இயற்பியல், நான் தமிழ். எங்களை நண்பர்களாக்கியது ஒரு கேமரா. ஆனைமலைப் பெரியப்பா காலமானதும் அவருடைய பழைய ஃபிலிம் கேமரா என்னிடம் வந்து சேர்ந்தது. எனக்கு ஆசை இருந்தது, படமெடுக்கத் தெரியாது. முதல் சுருளைக் கழுவக் கொடுத்தேன். ஒரு படம்கூட இல்லாமல் வெறும் ஃபிலிம் திரும்பி வந்தது. ஆத்திரத்தில் ஸ்க்ரூடிரைவரும் கையுமாக ஆசிரியர் அறையில் உட்கார்ந்தேன். ஸ்டெல்லா அதைப் பிடுங்கிக்கொண்டார்.

"ஏனுங்க ஐயா, என்ன கோளாறுன்னு தெரியுமுங்களா?"

"லென்ஸா இருக்கும்."

"இருக்கும்னு சொல்லிப் பிரிக்கக் கூடாதுங்க. பாத்துப்போட்டுப் பிரிக்கோணும்."

அவரும் அதுவரை ஃபிலிம் கேமராவைத் தொட்டதில்லை. காலாவதியான சுருள் ஒன்றை வாங்கிவரச் சொன்னார். பின்மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு, நான் எப்படி மாட்டுவேனோ அப்படியே மாட்டச் சொன்னார். மாட்டி, அடுத்த படத்துக்கு நகர்த்தும் நெம்புகோலைத் தள்ளினேன். ஃபிலிம் இருந்த இடத்திலேயே இருந்தது. அதன் நுனியை எதிர்ப்பக்க உருளையில் நான் சரியாகச் செருகவே இல்லை. "கேமராவுக்கு ஒண்ணுமில்லீங்க. ஐயாதான் மூடியத் தெறக்காமயே பாட்டில்ல தண்ணி குடிச்சிருக்கீங்க" என்றார். அதைச் சொல்லிச் சொல்லி ஆசிரியர் அறையே சிரித்தது.

இரண்டாவது சுருளில் படம் வந்தது, ஓரமெல்லாம் செந்நிறக் கறையோடு. ஃபிலிம் பழசு என்றார் ஸ்டூடியோக்காரர். வெயில் என்றேன் நான். ஸ்டெல்லா இரண்டையும் ஏற்கவில்லை. மின்சார வேலைக்குப் பயன்படும் கறுப்பு டேப்பைக் கொண்டுவந்தார். "பின்மூடியோட இடுக்குல பாதிக்கு மட்டும் ஒட்டலாமுங்க. மீதிய அப்படியே உட்ருங்க." எதற்குப் பாதி என்று கேட்டேன். முழுக்க ஒட்டிக் கறை போய்விட்டால், எந்த இடத்தில் வெளிச்சம் ஒழுகியது என்று தெரியாமலே போய்விடுமாம். ஒட்டாத பகுதியில் மட்டும் அடுத்த சுருளிலும் கறை இருந்தது. வெளிச்சத்தைத் தடுக்க அந்த இடுக்கில் வைத்திருந்த பஞ்சு பொடிந்துபோயிருந்தது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, கறுப்புக் கம்பளி நூலை வைத்து ஒட்டினார். அன்றிலிருந்து ஒரு பொட்டு வெளிச்சம் உள்ளே புகவில்லை.

இவ்வளவு விவரமாக இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு பழைய இரும்புப் பெட்டிக்கு இத்தனை சோதனை வைத்த அதே மனுஷி, தன் நெஞ்சில் வலி வந்தபோது ஒரே சொல்லில் முடித்துக்கொண்டார். கேஸ். அதற்கு முன்பே தோள்பட்டை குடைகிறது என்று சில நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாராம். கரும்பலகையில் எழுதி எழுதி வந்த வலி என்று சமாதானமும் அவரே சொன்னாராம். அன்று காலை முகமெல்லாம் வேர்த்துக் கொட்டியிருக்கிறது. படித்துப் பட்டம் வாங்கிய நீங்கள் என்ன செய்தீர்கள்? ஒருவர் ஓமத் தண்ணீர் கொடுத்தார். ஒருவர் சோடா வாங்கிவந்தார். இன்னொருவர் இடதுபக்கமாகப் படுக்கச் சொன்னார். அவரோ, "எனக்கு ஒண்ணுமில்லீங்க, நீங்கெல்லாம் கிளாசுக்குப் போங்க" என்றார். மரியாதையாகப் போனீர்கள். மதிய மணி அடித்த பிறகுதான் ஆட்டோ வந்தது.

இரங்கல் கூட்டத்தில் தலைமையாசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டே ஒன்று சொன்னார். ஆஸ்பத்திரி வரிசையில் நின்றபோது, பின்னால் காய்ச்சல் குழந்தையோடு வந்த பெண்ணைப் பார்த்து, "நீங்க முன்ன போங்க அம்மணி" என்று ஸ்டெல்லா வழிவிட்டாராம். சாகும் நேரத்திலும் என்ன மனசு என்றார். கூட்டம் விம்மியது. எனக்கு நாற்காலியைத் தூக்கி எறியலாம் போலிருந்தது. பக்கத்தில் நின்ற நீங்கள் கத்தியிருக்க வேண்டாமா, அம்மா? வரிசையைக் கலைத்து உள்ளே இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டாமா? காலையிலேயே வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னதை மட்டும் மேடையில் ஏன் விட்டுவிட்டீர்கள்?

ஸ்டெல்லா, உங்கள் மீதும் கோபம்தான். உங்களுக்குத் தெரிந்தது எங்களில் யாருக்கும் தெரியாது. ஊகத்தை நம்பாதே என்று எனக்குச் சொன்ன வாயால் உங்களுக்கு ஒருமுறை சொல்லிக்கொண்டிருக்கக் கூடாதா? ஊரையே எழுப்பித் தொந்தரவு கொடுத்திருந்தால் யார் என்ன சொல்லியிருப்பார்கள்? நாலு பேர் முணுமுணுத்திருப்பார்கள். நீங்கள் இருந்திருப்பீர்கள்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது கேமரா வித்தை அல்ல. 'இருக்கும்' என்ற சொல்லை நம்பாமல் இருப்பதைத்தான் வைத்துக்கொண்டேன். போன வாரம் விளையாட்டு ஆசிரியர் துரைசாமி நெஞ்சைத் தேய்த்தபடி உட்கார்ந்திருந்தார். என்னவென்று கேட்டேன்.

"கேஸா இருக்குமுங்க ஐயா. நேத்து பரோட்டா."

"ஏறுய்யா வண்டியில" என்றேன்.

அந்த அறையில் அப்படி யாரும் யாரையும் பேசியதில்லை. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரியில் வரிசையை மதிக்கவில்லை, நர்ஸிடம் திட்டும் வாங்கினேன். ஈசிஜி எடுத்துப் பார்த்தார்கள். கேஸ்தான்.

திரும்பி வரும்போது, "வெறும் கேஸுக்கு மானத்தை வாங்கிப்போட்டீங்களே ஐயா" என்றார் துரைசாமி. அதிலிருந்து என்னோடு பேசுவதில்லை. எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். தினமும் காலையில் மைதானத்தில் அவருடைய விசில் கேட்கிறது. அது எனக்குப் போதும்.